பழைய பைக் ஃப்ரேமைப் பாபராக மாற்றுவது: அளவெடுப்பிலிருந்து பூச்சு வரை முழுமையான வழிகாட்டி

பாபர் என்றால் வாலையும் மட்கார்டையும் குறைத்து, தனிச் சீட்டோடு தாழ்வாக நிற்கும் பைக். பாபர் வேலையில் கிரைண்டரும் வெல்டிங்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அளவெடுப்பதிலும், மாட்டிப் பார்ப்பதிலும், கழற்றி மறுபடி மாட்டுவதிலும் போகும். புதிதாக இறங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி வந்த வாரமே வால்பகுதியை அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் டயர் வாங்குகிறார்கள், அப்புறம் மட்கார்டு, கடைசியில் சீட்டு. டயர் மட்கார்டில் உரசும்போதுதான் அறுத்துப்போட்ட குழாயைத் தேடுகிறார்கள்.

பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் உள்ள, 1960, 70களின் இரட்டை சிலிண்டர் வண்டிகளை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது: யமஹா எக்ஸ்எஸ்650, டிரையம்ஃப் 650, பிஎஸ்ஏ, பழைய ஹோண்டா சிபி போன்றவை. எண்களை உதாரணமாக எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டியை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கிரைண்டருக்கு முன் எல்டிஏ

சிங்கப்பூரில் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை, அறவே கூடாதவை. ஃப்ரேமை வெட்டுவதும் நீட்டுவதும் முதல் வகையில் வரவே வராது. பதிவு பெற்ற வண்டி என்றால், எழுத்தில் பதில் கையில் வரும்வரை ஒரு பிராக்கெட்டைக்கூட அறுக்காதீர்கள். 3 ஆண்டுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். விகாம், எஸ்டிஏ பரிசோதனை மையங்களில் புதிய வெல்டு கண்ணில் படாது என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

"ஜோகூரில் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம்" என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வேலை எங்கே நடந்தாலும் நம்பர் பிளேட் சிங்கப்பூருடையது, விதியும் சிங்கப்பூருடையதே. 35 ஆண்டு கடந்த வண்டியைக் கிளாசிக் திட்டத்தில் வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக: அந்த ஃப்ரேமை வெட்டினால் அதன் அசல் தன்மை போயிற்று. திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே வெட்டும் வேலைக்கு, பதிவில் இல்லாத உபரி ஃப்ரேமை எடுத்துக் காட்சி வண்டியாகக் கட்டுவதே சரி. சாலையில் ஓட வேண்டிய வண்டிக்கு வெட்டில்லாத வழி இருக்கிறது. அதற்குப் படிகள் 4, 5, 11 மட்டும் போதும். அங்கேயும் இருக்கிற துளைகளில் போல்ட் போட்டு மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட், சிக்னல், பின்விளக்கு முறையாக இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும், பெரும்பாலும் ஸ்டீயரிங் தலைக்குழாயில் குத்தியிருக்கும் ஃப்ரேம் எண்ணைத் தொடக்கூடாது. வேலை தொடங்கும்போதே அதன்மேல் இரண்டடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மணலடிப்பிலும் கிரைண்டரிலும் மங்கிப்போன எண்ணுக்கு யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

2. கையில் உள்ள ஃப்ரேம் என்ன இனம்?

எல்லா எஃகு ஃப்ரேமும் ஒரே மாதிரி வெல்டாகாது. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் குழாயோடு குழாயை நேராக வெல்டு வைத்திருப்பார்கள். அதில் வேலை எளிது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் வார்ப்பு லக்குக்குள் (குழாய் நுழையும் உறை) குழாயைச் செருகிப் பித்தளை உருக்கிப் பிடித்திருப்பார்கள். அந்த மூட்டில் ஆர்கான் வெல்டு வைத்தால் உருகிய பித்தளை எஃகின் துகள் எல்லைக்குள் புகுந்து விரிசல் விடும். வெளியே பார்க்க வெல்டு அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. லக்கிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளிய இடத்தில், பித்தளைத் தடம் இல்லாத வெறும் குழாயில்தான் புதிய மூட்டு வர வேண்டும்.

டிரையம்ஃப் 650-இல் 1963 முதல் 1970 வரையிலான யூனிட் மாடல்களில் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸில்) பின்பகுதி தனிச் சட்டம். முன்பகுதியோடு போல்ட்டில் நிற்கும். அதை வெட்டவே வேண்டாம். கழற்றி எடுத்துத் துணி சுற்றி வைத்துவிட்டு, வேறொரு பின்பகுதியைச் செய்து பூட்டலாம். மனம் மாறினால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த ஃப்ரேமைத்தான்.

1971 முதல் வந்த டிரையம்ஃப், பிஎஸ்ஏ 650 ஃப்ரேம்களில் முதுகுக்குழாயே எண்ணெய்த் தொட்டி. ஆயிலை வடித்தால் மட்டும் போதாது. சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு இரண்டு மூன்று முறை கழுவி, நன்றாக உலரவிட்டு, வெல்டு வைக்கும்போது உள்ளே ஆர்கான் ஓடவிட வேண்டும். ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியானால் தீப்பிடிக்கும். தப்பினால் வெல்டு முழுவதும் ஊசித்துளை.

3. இடம், கருவி, ஆள்

புளோக் கார்பார்க்கிலோ நடைபாதையிலோ கிரைண்டர் பிடிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். காக்கி புக்கிட், ஊபி, உட்லண்ட்ஸ், துவாஸ் பக்கம் பட்டறை வைத்திருப்பவரிடம் நாள் கணக்கில் ஒரு மூலை கேட்டுப் பெறுவது நல்லது. தீப்பொறி பறக்கும் வேலைக்குப் பக்கத்திலேயே தீயணைப்பான் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருந்து புகை கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேவையானவை:

- 100 மி.மீ. கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், 60, 80 கிரிட் ஃப்ளாப் டிஸ்க், அரைவட்ட அரம்
- டிஜிட்டல் காலிப்பர், 0.1 பாகை காட்டும் கோணமானி, தூக்குக்குண்டு, நைலான் நூல்
- ஜிக்குக்கு (ஃப்ரேமை அசையாமல் பிடிக்கும் சட்டம்) 50×100 மி.மீ. செவ்வகக் குழாய், 12 மி.மீ. திருகுக்கம்பி, நட்டுகள்
- பின்வளையத்துக்கும் (வாலை வெட்டிய இடத்தில் வரும் யு வடிவக் குழாய்) குறுக்குக்குழாய்க்கும் டிஓஎம் குழாய் (உட்புறம் மழமழவென்று இழுத்தெடுத்தது), ஸ்லக்குக்கு (மூட்டில் குழாய்க்குள் செருகும் துண்டு) முழு உருண்டைக் கம்பி
- அசிட்டோன், வெள்ளைத் துணி

குழாய் வாங்கும்போது "ஒரு இஞ்ச் பைப்" என்று மட்டும் கேட்டால் தண்ணீர்க் குழாயை எடுத்து நீட்டுவார்கள். அது உள்விட்டப் பெயரில் விற்கப்படுவது. வெளிவிட்டம் சுமார் 33 மி.மீ. வரும். வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் இத்தனை மி.மீ. என்று எழுதிக்கொடுத்துக் கேளுங்கள்.

ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துவாஸ், செம்பவாங் கப்பல் பட்டறைகளில் 6ஜி (சாய்ந்த குழாயைச் சுற்றி வெல்டு வைக்கும் தேர்வு) சான்றிதழோடு வேலை செய்யும் நம் ஆட்கள் நிறையப் பேர். கை சுத்தமான கை. ஆனால் 12 மி.மீ. தகட்டில் பழகிய சூடு 2 மி.மீ. குழாயில் ஓட்டை போட்டுவிடும். எந்த அண்ணனிடம் கேட்டாலும், அதே தடிமனுள்ள துண்டுக் குழாய் இரண்டைக் கொடுத்து ஒட்டச் சொல்லி, அதை நெடுக்காக அறுத்து உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். நல்ல வெல்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே கேட்பார்.

4. சக்கரம், டயர், மட்கார்டு, சீட்டு: நான்கும் கையில் இருக்க வேண்டும்

விலைப்பட்டியலில் பார்த்த அளவு செல்லாது. பொருள் கையில் இருக்க வேண்டும், டயர் ரிம்மில் ஏறிக் காற்று அடித்திருக்க வேண்டும். ஒரே எண் போட்ட டயர் கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. மாறும்.

4.00-18 டயரை எடுத்துவிட்டு 5.00-16 போடுவது பாபரில் வழக்கம். அகலம் சுமார் 25 மி.மீ. கூடுகிறது, அதாவது ஒரு பக்கத்துக்கு 12 அல்லது 13 மி.மீ. அந்த இடம் செயின் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயர் ஓரத்துக்கும் செயினுக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் முன், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டையும் ஒரே அளவு வெளியே தள்ள வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் தள்ளினால் செயின் கோணலாகி ஸ்ப்ராக்கெட் பல்லைத் தின்றுவிடும்.

ஷாக்கை வைத்துக்கொள்பவர்கள் (எடுத்துவிடும் வழி படி 9-இல்) இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது: இரண்டு ஷாக்கிலிருந்தும் ஸ்ப்ரிங்கைக் கழற்றி, வெறும் ஷாக்கை மாட்டி, பம்ப் ரப்பர் நசுங்கும்வரை சக்கரத்தை மேலே தூக்குங்கள். டயர் எட்டும் உச்சி அதுதான். அங்கிருந்து 20 மி.மீ. மேலேதான் மட்கார்டின் உட்புறமும் பின்வளையத்தின் அடிப்புறமும் வரலாம். நிற்கும் வண்டியில் அழகாக ஒட்டி உட்கார்ந்த மட்கார்டு, முதல் ஹம்பிலேயே டயரைத் தேய்க்கும். நாங்கள் பார்த்த பாபர் கோளாறுகளில் பாதி இந்த ஒன்றுதான்.

5. கோணக் கணக்கு

வண்டியை அசல் டயரோடு சமதளத்தில் நேராக நிறுத்தி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அச்சுக்கு அச்சு தூரம், தலைக்குழாயின் சாய்வு (செங்குத்திலிருந்து), ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) பிவட்டின் உயரம், தரையிலிருந்து கீழ்க்குழாய் உயரம், பின் அச்சின் உயரம். சாய்வை அளக்கும்போது கோணமானியைத் தலைக்குழாயிலேயே வையுங்கள். ஃபோர்க் குழாயில் வைத்தால், யோக்கின் (ஃபோர்க்கைத் தலைக்குழாயோடு பிடிக்கும் தாங்கி) கோணம் வேறாக உள்ள சில வண்டிகளில் தவறு வரும்.

பின்புறத்தைத் தாழ்த்தினால் தலைக்குழாய் பின்னோக்கிச் சாயும். அச்சுக்கு அச்சு 1400 மி.மீ. உள்ள வண்டியில் 25 மி.மீ. தாழ்த்தினால் ஏறக்குறைய 1 பாகை. டிரெயில் (ஸ்டீயரிங் அச்சுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: முன்சக்கர ஆரம் 310, யோக் ஆஃப்செட் (தலைக்குழாயிலிருந்து ஃபோர்க் முன்னே தள்ளி நிற்கும் தூரம்) 50, சாய்வு 27 பாகை என்றால் டிரெயில் 102 மி.மீ. 50 மி.மீ. தாழ்த்திச் சாய்வு 29 ஆனால் 115. 31 ஆனால் 128.

115 வரை வண்டி கொஞ்சம் நிதானமாகத் திரும்பும், அவ்வளவுதான். 128-ஐத் தொட்டால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானே விழும். மல்டி-ஸ்டோரி கார்பார்க் வளைவில் ஏறும்போது கை வலிக்கும். 2 பாகைக்கு மேல் போகிறது என்றால் முன்பக்கத்தையும் தாழ்த்தி ஈடுகட்டுங்கள். தலைக்குழாயை வெட்டிக் கோணம் மாற்றும் யோசனை இந்த வழிகாட்டிக்கு வெளியே; வீட்டுப் பட்டறையில் செய்யும் வேலையும் அல்ல.

6. ஜிக் இல்லாமல் வெட்டு இல்லை

வெல்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கும் பக்கம் குழாயை இழுக்கும். பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால் பின்சக்கரம் ஒரு பக்கமாகப் போய் நிற்கும்.

செவ்வகக் குழாயில் 2 மீட்டர் நீளத்துக்கு அடித்தளம். அதன் விலகல் மொத்த நீளத்துக்கும் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதில் மூன்று இடத்தில் ஃப்ரேமைப் பிடிக்க வேண்டும். தலைக்குழாயின் இரு முனையிலும் கூம்பு வைத்து நடுவே திருகுக்கம்பி. ஸ்விங்ஆர்ம் பிவட்டில் அதே விட்டமுள்ள நேரான கம்பி. கீழே என்ஜின் மவுண்ட். பின்னால் அச்சின் இடத்தில் நான்காவது தூண். அதுதான் புதிய அச்சு எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

உள்ளே எதுவும் இல்லாத வெறும் என்ஜின் கேஸ் கிடைத்தால் எல்லா மவுண்டிலும் பூட்டிவிடுங்கள். இந்த வண்டிகளில் என்ஜினும் ஃப்ரேமின் ஒரு அங்கம். அது இல்லாமல் வெல்டு வைத்தால் மவுண்ட் துளைகள் நகர்ந்து, பிறகு என்ஜின் ஏறாது. ஓடும் என்ஜினை மாட்டிவைத்து வெல்டு வைக்காதீர்கள். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் உருளையில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும்.

பிவட் கம்பி தலைக்குழாய்க்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று வெட்டும் முன்பே சோதியுங்கள். ஐம்பது வயது ஃப்ரேம் எங்காவது விழுந்து எழுந்திருக்கும். அரை பாகைக்கு மேல் விலகினால் முதலில் அதை நேராக்குங்கள். கோணல் ஃப்ரேமில் நேராக ஒட்டிய பின்பகுதியும் கோணல்தான்.

7. எதை அறுக்கலாம், எதைத் தொடக்கூடாது

சுண்ணக்கட்டியில் மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாதது சிவப்பு, வேண்டியது பச்சை, சந்தேகம் மஞ்சள். எல்லா உதிரியையும் ஒருமுறை மாட்டிப் பார்க்கும்வரை மஞ்சளைத் தொடக்கூடாது.

அவசரத்தில் அடிக்கடி பறிபோவது ஸ்டீயரிங் ஸ்டாப். தலைக்குழாயின் அடியில் ஒன்றுக்கும் உதவாத சிறு மொட்டு போலத் தெரியும். அதை வழித்துவிட்டால் ஹேண்டில் முழுதாகத் திரும்பி ஃபோர்க் டேங்கில் இடிக்கும். பின்பிரேக் பெடல் பிவட், சைடு ஸ்டாண்டு லக், டேங்க் ரப்பர் மவுண்ட், இக்னிஷன் காயில் தாங்கி ஆகியவையும் இதே விதமாகப் போகின்றன.

பிராக்கெட்டைக் குழாயோடு ஒட்டி அறுக்காதீர்கள். 2 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை ஃப்ளாப் டிஸ்கால் இறக்கி, கடைசி அரை மி.மீ.யை அரத்தால் முடியுங்கள். கட்டிங் டிஸ்க் ஒருமுறை வழுக்கினால் குழாயில் விழும் கீறல்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். கீறல் சுவர்த் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வெல்டால் நிரப்பிச் சமன் செய்யுங்கள். புட்டி பூசி மறைப்பது ஏமாற்று.

8. பின்வளையம்: ஷாக்கை வைத்துக்கொள்ளும் வழி

சீட்டுக் குழாய்கள் இரண்டும் பின்னால் ஒரு குறுக்குக்குழாயில் சேரும். ஷாக் மேலே தள்ளும்போது அவை இரண்டும் விரியாமல் பிடிப்பது அந்தக் குறுக்குக்குழாய். வாலை அறுத்துவிட்டு முனைகளுக்கு மூடி போட்டு நிறுத்திய ஃப்ரேம்களைப் பார்க்கலாம். கொஞ்ச நாளில் ஷாக் மவுண்டின் ஓரத்தில் பெயிண்ட் வெடிப்பு தெரியும்.

மேல் ஷாக் மவுண்டின் வெல்டிலிருந்து பின்னால் குறைந்தது 50 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஸ்லக் முழுதாக உட்கார அவ்வளவு இடம் வேண்டும். வெட்டிய இடத்தில் யு வடிவ வளையம் வர வேண்டும். அதன் குழாய் பழைய குழாயின் அதே வெளிவிட்டம், அதே சுவர்.

சுவர்த் தடிமனை ஊகிக்க வேண்டாம். அறுத்துப்போடப் போகும் பகுதியில் முதலில் ஒரு வெட்டு வைத்து அங்கே காலிப்பரால் அளந்துவிடுங்கள். வளையத்தை முன்கூட்டியே வளைத்து வாங்குகிறீர்கள் என்றால் மையத்திலிருந்து மையம் அளவு கொடுங்கள். வெளியிலிருந்து வெளி அளவு கொடுத்துவிட்டு 25 மி.மீ. அகலமாக வந்ததை இழுத்து நெருக்கி வெல்டு வைப்பவர்கள் உண்டு. அந்த இழுவிசை மூட்டிலேயே அடைபட்டுக் கிடக்கும்.

9. ஹார்ட்டெயில்: ஸ்லக்கும் செயினும்

ஷாக் இல்லாமல் பின் அச்சு நேராக ஃப்ரேமில் நிற்பது ஹார்ட்டெயில். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு மூட்டு. பின்சக்கரம் குழியில் விழும் ஒவ்வோர் அடியும் இந்த நான்கில்தான் இறங்கும். ஆகவே குழாயை முனைக்கு முனை வைத்து வெறுமனே ஒட்டக்கூடாது, உள்ளே ஸ்லக் வேண்டும்.

25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர் என்றால் உள்விட்டம் 19.4. ஸ்லக்கை 19.2-க்குக் கடைந்து வாங்குங்கள். கையால் தள்ளினால் போக வேண்டும், ஆடக்கூடாது. நீளம் 100 மி.மீ., மூட்டுக்கு இரு புறமும் 50. பழைய ஃப்ரேமின் குழாயில் உட்புறத் தையல் மேடு இருந்தால் உருண்டை அரத்தால் வழித்துவிடுங்கள். சுத்தியால் அடித்து ஏற்றிய ஸ்லக் பாதியில் சிக்கும், பிறகு முன்னும் வராது பின்னும் போகாது.

ஸ்லக்கின் இரு முனையையும் சரிவாக வெட்டுங்கள். நேராக வெட்டிய முனை குழாய்க்குள் ஒரே வட்டத்தில் விறைப்பை நிறுத்தும். குழாய் அந்த வட்டத்தில்தான் ஒடியும். மூட்டிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒவ்வொரு புறமும் எதிரெதிரே இரண்டு 8 மி.மீ. துளை. அவை வழியாக ஸ்லக்கைக் குழாயோடு சேர்த்து வெல்டு நிரப்ப வேண்டும். குழாய் முனைகளை 45 பாகை சரிவில் வெட்டி, நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அப்போதுதான் வெல்டு ஸ்லக் வரை இறங்கும்.

நீட்டிப்பை அலங்காரத்துக்காக ஒரு முழு எண்ணில் வைக்காதீர்கள், செயினைக் கேளுங்கள். 530 செயினின் பிட்ச் 15.875 மி.மீ. அச்சு அவ்வளவு பின்னால் போனால் செயினில் இரண்டு கண்ணி கூடும். 95 மி.மீ. நீட்டினால் சரியாக 12 கண்ணி, அச்சு ஸ்லாட்டின் முன்பகுதியில் நிற்கும், இறுக்க இடம் மிச்சமிருக்கும். 4 அங்குலம் என்று 101.6 வைத்தால் 12 கண்ணி போதாது. 14 போட்டால் அச்சை இன்னும் 9.5 மி.மீ. பின்னே தள்ள வேண்டும், ஸ்லாட் அப்போதே பாதி தீர்ந்திருக்கும்.

10. வெல்டிங்

மூட்டின் இரு புறமும் 30 மி.மீ. பளபளவென்று வெள்ளை எஃகு தெரிய வேண்டும். பிறகு அசிட்டோனில் துடையுங்கள். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகை ஆர்க் வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகிறது. டப்பாவில் குளோரின் இல்லை என்று போட்டிருந்தாலும் வெல்டு மேசைக்குப் பக்கம் அதை வைக்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

டிக் வெல்டிங் (ஆர்கான் வெல்டு), டிசி, டார்ச்சில் நெகட்டிவ். 2.4 மி.மீ. டங்ஸ்டன், இஆர்70எஸ்-2 கம்பி, சுத்த ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். 3 மி.மீ. சுவருக்கு 110-120 ஆம்பியரில் தொடங்கி துண்டுக் குழாயில் சரி பாருங்கள். பட்டறை மின்விசிறியை அணைத்துவிடுங்கள். இந்த ஊர் வெக்கையில் அது கஷ்டம்தான், ஆனால் காற்று ஆர்கானைத் தள்ளிவிட்டால் வெல்டு பஞ்சு போலத் துளைபடும்.

முதலில் எல்லா மூட்டிலும் நான்கு திசையில் சிறு புள்ளி மட்டும். நான்கு மூட்டும் புள்ளியில் நிற்கும்போது சக்கரத்தை மாட்டி, தலைக்குழாயிலிருந்து நூல் பிடித்து, சக்கரத்தின் நடு 1 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே தவறு தெரிந்தால் புள்ளியை அறுத்துத் திருத்தலாம். முழு வெல்டுக்குப் பிறகு திருத்தம் என்பது மறுபடி வெட்டுவதுதான்.

சரி என்றால், ஒரு மூட்டில் கால் வட்டம், பிறகு எதிர்ப்புற மூட்டில் கால் வட்டம், என்று மாறி மாறிப் போங்கள். ஒரே மூட்டைச் சுற்றி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஃப்ரேம் அந்தப் பக்கம் இழுபடும். முதலில் துளை வெல்டு, பிறகு சுற்று வெல்டு. முடிந்ததும் ஜிக்கிலேயே தானாக ஆறட்டும். ஈரத்துணி, தண்ணீர் எதுவும் கிட்டே வரக்கூடாது. சட்டென்று குளிர்ந்தால் வெல்டின் ஓரம் கடினமாகி விரிசல் விடக்கூடும்.

இரு முனையும் அடைபடும் குழாயில் 3 மி.மீ. காற்றுத்துளை ஒன்று மறைவான இடத்தில் விடுங்கள். இல்லையென்றால் உள்ளே சூடான காற்று கடைசி வெல்டை ஊதித் தள்ளும்.

வெல்டை வழித்து மொழுமொழுவென்று ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மேட்டை இறக்கினால் பலம் இறங்கும். சுற்று வெல்டு அப்படியே தெரியட்டும். துளை வெல்டை மட்டும் சமன் செய்யலாம்.

11. தனிச் சீட்டு

சீட்டின் முன்முனை ஒரு கீலில், பின்முனை இரண்டு ஸ்ப்ரிங்கில். 75 மி.மீ. ஸ்ப்ரிங் போதும், ஹார்ட்டெயிலுக்கு 125 முதுகுக்கு நல்லது, ஆனால் சீட்டு உயரும். கீல் தகடு 5 மி.மீ. கனம். அதை நேராக முதுகுக்குழாயில் ஒட்டாமல், இரு சீட்டுக் குழாய்க்கும் நடுவே ஒரு குறுக்குக்குழாய் வைத்து அதில் ஒட்டுங்கள். ஆள் எடை ஒரு புள்ளியில் குவியாமல் இரண்டாகப் பிரியும். ஸ்ப்ரிங்கின் அடி, குழாய்க்குள் புதைத்து வெல்டு வைத்த மரையுள்ள புஷ்ஷில் நிற்கட்டும். வெட்டில்லாத வழியில் போகிறவர்கள் பழைய சீட்டின் கீல் துளைகளில் நிற்கும் அடாப்டர் தகடு செய்து, ஸ்ப்ரிங்கை அதன்மேல் நிறுத்துங்கள்.

உட்கார்ந்து, எகிறி, சீட்டின் அடித்தகடு மட்கார்டையோ பேட்டரியையோ தொடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டு.

12. விரிசல் சோதனை

சிவப்புச் சாயச் சோதனை ஸ்ப்ரே மூன்று டப்பாவாகக் கிடைக்கும். கிளீனரால் துடைத்து, சாயம் அடித்து 10 முதல் 20 நிமிடம் விட்டு, துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். கிளீனரை நேராக மூட்டின்மேல் அடித்தால் விரிசலில் இறங்கிய சாயமும் கழுவிப்போகும், பொய்யான நிம்மதி கிடைக்கும். பிறகு வெள்ளை டெவலப்பர். சிவப்புக் கோடு எழுந்தால் அது விரிசல். புள்ளி எழுந்தால் ஊசித்துளை. இரண்டையும் அரைத்து எடுத்து மறுபடி வெல்டு வைக்க வேண்டும், மேலே பூசி மூடக்கூடாது. புதிய மூட்டுகளோடு பழைய என்ஜின் மவுண்ட், ஸ்விங்ஆர்ம் பிவட் ஓரங்களையும் சேர்த்துச் சோதியுங்கள். பழைய விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

13. பூச்சு

மணலடித்த எஃகு இந்த ஊர் ஈரக்காற்றில் ஒரு ராத்திரியில் ஆரஞ்சு நிறமாகும். மணலடிப்பும் பிரைமரும் ஒரே நாளில் நடக்கும்படி பேசி முடித்துவிட்டுத்தான் ஃப்ரேமைக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

அதற்கு முன் அடைக்க வேண்டியவை: தலைக்குழாயின் பேரிங் இருக்கை, பிவட் புஷ், எல்லா மரைத்துளைகளும், என்ஜின் மவுண்டின் முகங்கள், எர்த் ஒயர் பூட்டும் இடம். எண்ணெய்த்தொட்டி ஃப்ரேம் என்றால் அதன் எல்லா வாயையும் போல்ட் போட்டு அடைத்துவிடுங்கள், டேப் போதாது. உள்ளே போன மணல் எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் தங்கும், அது நேராக என்ஜின் பேரிங்குக்குப் போகும். பவுடர் கோட்டிங் சுமார் 200 பாகை செல்சியஸ் அடுப்பில் வேகும், ஆகவே ரப்பர், பிளாஸ்டிக் புஷ் எதுவும் ஃப்ரேமில் இருக்கக்கூடாது. ஃப்ரேம் எண்மீது மெல்லிய பூச்சு போதும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

14. பூட்டிய பிறகு

ஹார்ட்டெயிலில் அச்சின் இடம் மாறாததால் செயின் தளர்ச்சி 15-20 மி.மீ. போதும். ஷாக் உள்ள வண்டியில் தயாரிப்பாளர் சொன்ன அளவையே வையுங்கள். ஒரு ஆளை உட்காரவைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் எங்கேயும் இறுகித் தளர்கிறதா என்று பாருங்கள்.

தனியிடத்தில் முதல் 50 கி.மீ. ஓடியதும் என்ஜின் மவுண்ட், அச்சு, சீட்டுக் கீல் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். புதிய பவுடர் பூச்சு போல்ட்டுக்கு அடியில் நசுங்கி இடம் விடும். அதே நேரத்தில் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டின் ஓரத்தையும் பாருங்கள். பூச்சில் மயிரிழை வெடிப்போ துருக்கோடோ தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டிச் சாயச் சோதனை செய்யும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.